மூன்று கைகள் திருப்பிய கடிகாரம்

1.

அன்புள்ள வாசகருக்கு, முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு லிப்டுக்குள் கிடைத்தது. இரண்டு மாடிகளுக்கு நடுவே அது நின்றுவிட்டது. வெளியே மெக்கானிக் வந்து, கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க சார், பேசிக்கிட்டே இருப்போம்" என்றார். பேசினார். நான் பயப்பட மறந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது பாதி, மீதி என் கைச்சரக்கு. எது எவருடையது என்று கேட்காதீர்கள், இப்போது எனக்கே குழப்பம்.

2.

தொடக்கம் ஒன்று: "காலம் என்பது ஒரு..." வேண்டாம். பள்ளியில் இப்படித் தொடங்கிய என் கட்டுரையைத் தமிழையா, "காலம் இருக்கட்டும், கட்டுரை ஏன் ஒரு வாரம் தாமதம்?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

தொடக்கம் இரண்டு: அந்த வீட்டில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன.

இது தேவலை. இப்படியே போவோம். சமையலறையில் இருந்தது ஊர்க் கடிகாரம். கூடத்தில் இருந்தது ஆபீஸ் கடிகாரம். அது கடல் தாண்டிய ஒரு நாட்டின் நேரத்தைக் காட்டும். மெக்கானிக்கின் மனைவி, ஞாயிறும் திறந்திருக்கும் அந்த நாட்டுப் பல் மருத்துவமனை ஒன்றுக்கு, இங்கிருக்கும் ஆபீஸில் உட்கார்ந்து போனிலேயே நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவள். (அவளை நேரக்காரி என்போம். கோபமில்லாத நாட்களில் அவரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.) அங்கே காலை ஒன்பதுக்கு டாக்டர் கதவைத் திறக்கும்போது இவள் ஹெட்போனை மாட்டியிருக்க வேண்டும். இங்கே அப்போது சாயங்காலம் ஆறு. மெக்கானிக் வேலை முடிந்து வருவதோ ஐந்துக்கு. ஆக, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் வெளிச்சத்தில் பார்ப்பது அந்த ஒரு மணி நேரம்தான். அதிலும் தெருக்கோடி மைதானத்துக்கு ஓடிப்போய் ஷட்டில் ஆடுவார்கள்.

வீட்டில் ஒரு சட்டம் உண்டு: கூட்டல் கழித்தல் கூடாது. ஒருமுறை அவள் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டு, பூட்டிய ஆபீஸ் வாசலில் வாட்ச்மேனின் குடும்பக் கதை முழுவதையும் கேட்டுவிட்டு வந்தாள். அன்றிலிருந்து, ஆபீஸ் கடிகாரம் ஒன்பது காட்டினால் வேலை. காட்டாவிட்டால் இல்லை. அவ்வளவுதான்.

3.

ஆறு மாதம் ஒருநாள்கூடத் தாமதமாக வராவிட்டால் பகல் ஷிப்ட் தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். பகல் ஷிப்ட் என்றால் இனி எல்லாச் சாயங்காலமும் அவர்களுடையது. ஐந்து மாதம் தாண்டி, இழுத்துப் பிடித்து, கடைசி நாளுக்கு வந்துவிட்டாள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதே ஞாயிறுதான் அந்த நாட்டில் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புகிறார்கள். அதே ஞாயிறு சாயங்காலம்தான் ஷட்டில் கலப்பு இரட்டையர் இறுதி ஆட்டம்.

(மூன்றும் ஒரே நாளிலா என்று முகம் சுளிக்காதீர்கள். எனக்கும் கையில் இருப்பது ஒரே ஒரு ஞாயிறுதான்.)

4.

காலையில் எழுந்ததும் மெக்கானிக் ஸ்டூல் போட்டு ஏறி ஆபீஸ் கடிகாரத்தை ஒரு சுற்று பின்னால் திருப்பினார். மனைவிக்கு ஒரு வேலை மிச்சம். சொல்லிக் காட்டுவானேன் என்று சும்மா இருந்துவிட்டார்.

அடுத்து நேரக்காரியின் மாமியார் வருகிறார். நீங்கள் சண்டைக்குத் தயாராவது தெரிகிறது. நானும் "மாமியார் கண்ணை உருட்டி" என்று எழுதிவிட்டு அடித்தேன். இந்த மாமியார் நல்லவர். தொல்லையே அதுதான். அவருடைய மகள் அந்த நாட்டில் இருக்கிறாள். அவள் காபி குடிக்கும் நேரம் பார்த்துப் பேச அவருக்கும் அதே கடிகாரம்தான். தூசி தட்டும்போது, "பாவம், இவளுக்கு ஆயிரம் வேலை, மறந்திருப்பா" என்று அவரும் ஒரு சுற்று திருப்பினார்.

மத்தியானத் தூக்கம் கலைந்து நேரக்காரி எழுந்தாள். ஸ்டூல் ஏறினாள். முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை. பார்த்தால் கணக்கு வரும், கணக்கு கூடாது. ஒரு சுற்று.

ஐந்து மணிக்குக் கிளம்பும்போது அவள் கத்தினாள்.

"ஏங்க, இங்க வாங்களேன்! ரெண்டு கடிகாரமும் ஒரே நேரம் காட்டுது!"

"அட, ஆமா! சண்டை போட்ட சம்பந்திங்க ராசியான மாதிரி இருக்கு."

"அப்ப ஒன்பதாக இன்னும் நாலு மணி நேரம் இருக்கா? ஒரு மணி நேரம்தானே கூடக் கிடைக்கணும்?"

"இந்த வருஷம் தாராளமா விட்டிருக்காங்க போல. குடுத்தா வாங்கிக்கோ. கணக்குக் கேக்கக் கூடாது, சட்டம்."

"போயிட்டு வா கண்ணு," என்றார் மாமியார். "அந்த போனைப் பையில போட்டு மூடு. ஒருநாளாவது நிம்மதியா ஆடு."

(உண்மையில் அங்கே அப்போது ஏழு. கையில் இருந்தது இரண்டே மணி நேரம். இதை அவளிடம் சொல்லலாமா என்று நானும் பேனாவைத் தூக்கினேன். ஆனால் அவள் செருப்பைப் போடும்போதே பாடிக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு வரவில்லை.)

5.

எதிரே மருந்துக்கடைத் தம்பதி. எவரிடமும் தோற்றதில்லை. நம்மவர்களும் தோற்றதில்லைதான், ஏனென்றால் இதுவரை எந்தப் போட்டியையும் முடித்ததில்லை. (இந்த முறை பெயர் கொடுத்ததே இரண்டு ஜோடிதான், முதல் ஆட்டமே இறுதி ஆட்டம்.) பாதியில் மட்டையை வீசிவிட்டு ஆபீஸுக்கு ஓடுவது வழக்கம். இன்று ஓடவில்லை. கேமுக்குக் கேம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினார்கள். மூன்றாவது கேம் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் பந்து அவள் மூக்கில் பட்டு விழுந்தது.

"தோத்துட்டோம்! முழுசா தோத்துட்டோம்ங்க!" என்று அவள் குதித்தாள்.

"ஜெயிச்சது நாங்க. இவ ஏன் இந்த ஆட்டம் ஆடறா?" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"கடைசி வரைக்கும் நின்னு தோத்தது இதான் முதல் தடவைக்கா!"

அந்த அக்காவுக்குக் கைகுலுக்கி, அண்ணனுக்குக் கைகுலுக்கி, நடுவருக்கு இரண்டு முறை குலுக்கி, ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கி, தெருவின் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்கள். தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஐஸ்கிரீம் கையில் வழியவே, பையை அவரிடம் கொடுத்துவிட்டு அவள் முன்னால் போனாள். பைக்குள் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தார். ஆபீஸ் தோழி, செல்லப்பெயர் கொட்டாவி, வரிசையாகக் கூப்பிட்டிருந்தாள். கடைசியாக ஒரு செய்தி: "எங்கடி இருக்க? ஷிப்ட் ஆரம்பிச்சாச்சு! மேனேஜர் மீட்டிங்ல இருக்கார். உனக்கு வர்ற போனையும் நான்தான் எடுக்கறேன். அவர் வெளிய வர்றதுக்குள்ள வந்துடு!"

6.

முடிவுகள்.

அ) அவர் சொல்கிறார். ஓடுகிறார்கள். மேனேஜர் கதவைத் திறக்கும் நொடியில் அவள் நாற்காலியில், ஹெட்போன் தலைகீழாக, கன்னத்தில் ஐஸ்கிரீமோடு. இது அதிக இனிப்பு. பல் டாக்டருக்கே ஆகாது.

ஆ) மேனேஜர் வீட்டிலும் மூன்று பேர் கடிகாரத்தைத் திருப்பியிருக்கிறார்கள். போதும், சினிமா.

இ) அவள் போய்ச் சேரும்போது மேனேஜர் வாசலில் நின்று, "பகல் ஷிப்ட் பத்தி நாம..."

கை வரவில்லை. அடித்துவிட்டேன்.

7.

இப்போது தெருவில் நிற்பவரைப் பாருங்கள். சொன்னால் அவள் ஓடுவாள். எல்லாச் சாயங்காலமும் கிடைத்தாலும் கிடைக்கும், ஆனால் இந்தச் சாயங்காலம் அந்தச் சொல்லோடு முடிந்துவிடும். சொல்லாவிட்டால் இது மட்டும் கையில் இருக்கும்.

"ஏங்க, அந்தக் கடைசிப் பந்தை நான் எப்படி விட்டேன் தெரியுமா? பாருங்க, பாருங்க!" என்று அவள் நடுத்தெருவில் ஆடிக் காட்டுகிறாள். "இன்னும் ஒரு சுத்து போலாமா? நேரம் கெடக்கு!"

அவர் வாயைத் திறந்துவிட்டார்.

"சொல்லுய்யா!" என்று உங்களில் பாதிப் பேர் கத்துவது கேட்கிறது. "விடுய்யா, ஒரு சுத்துதானே" என்கிறது மறுபாதி. அடுத்த வார்த்தையை நீங்களே முடிவு செய்யுங்கள், அவசரமே வேண்டாம். நான் பேனாவை மூடி வைக்கிறேன். இது மூடியிருக்கும் வரை மேனேஜரின் மீட்டிங் முடியாது.