அத்தான் என்று கூப்பிடுகிறவள்

“மாத்திரை நல்லா வேலை செய்ய மூணு நாலு வாரம் ஆகும்மா. அதுக்கு முன்னால படபடப்பு இப்ப இருக்கிறதைவிடக் கூடுதலாத் தெரியலாம். பயந்து நீயா நிறுத்திரக் கூடாது.”

“செரி டாக்டர்.”

“ரொம்ப முடியலைன்னா உடனே எனக்குப் போன் பண்ணணும். இந்த மூணு வாரமும் வீட்டுல கூட யாரு இருப்பா?”

“அவரு இருப்பாரு.”

“கேட்டுட்டியா?”

“இருப்பாரு டாக்டர்.”

நாகர்கோவிலில் பத்து நாளைக்கு முன் சொன்ன அந்தப் பொய் இன்னும் லீமாவின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. கணவனிடம் அவள் கேட்கவே இல்லை. ஷைஜு ஆழ்கடலுக்குப் போகிறவன். கொச்சியில் மீன்பிடிப் போட்டில் ஏறினால் நாற்பது நாள் கழித்துத்தான் கரை. இன்றைக்கு மாலை நாலு மணிக்கு அவனைக் கூட்டிப்போக வேன் வருகிறது.

கேட்டுவிட வேண்டியதுதானே என்று தோன்றலாம். மணவாளக்குறிச்சியை அடுத்த அந்தக் கடற்கரை ஊரில், கடலுக்குப் புறப்படுகிற ஆணிடம் எந்தப் பெண்ணும் ‘போகாதே’ என்று சொல்ல மாட்டாள். சொல்லிவிட்டால் அவன் ஏறக் கூடாது. மீறி ஏறினால், எஞ்சின் நின்றாலும் மீன்பாடு கிடைக்காவிட்டாலும் பழி அந்தச் சொல்லுக்குத்தான். லீமாவின் அம்மா முப்பது வருஷம் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

போன வருஷப் புயலில் ஷைஜுவின் போட்டு நாலு நாள் தொடர்பில்லாமல் போனது. ஐந்தாம் நாள் அவன் போனில் சிரித்துக்கொண்டே பேசினான். அவன் வீட்டுக்கு வந்து, குளித்து, சோறு தின்ற பிறகும் லீமாவுக்கு அந்த நாலு நாள் முடியவில்லை. குக்கர் விசிலடித்தால் உடம்பு தூக்கிப்போட்டது. மூச்சு பாதியில் நின்றது. அதற்குத்தான் இந்த மாத்திரை.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ரெஜிஷாவை.

ரெஜிஷா ஷைஜுவின் அத்தை மகள். இரண்டு தெரு தள்ளி வீடு. குவைத்தில் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவள். ஒரு காலத்தில் ஷைஜுவுக்கு அவளைத்தான் பேசி, எதனாலோ தட்டிப்போயிற்று. லீமாவை அக்கா என்பாள், ஷைஜுவை அத்தான் என்பாள். முறைப்படி சரிதான். ஆனால் அந்த அத்தானை மட்டும் அவள் கொஞ்சம் கூடுதலாக இழுக்கிறாள் என்று லீமாவுக்குப் பட்டது.

மாத்திரை வாங்கிய அன்றே ஷைஜு அட்டையைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினான். “காலையில சாப்பிட்ட பொறவு போடச் சொல்லுங்க அத்தான்” என்று பதில் வந்தது. டாக்டர் சொன்னதும் அதுவேதான். டாக்டர் சொன்னபோது தலையாட்டியவளுக்கு, ரெஜிஷா சொன்னதும் கசந்தது. மறுநாள் காலை, ‘எனக்க வயிறு, எனக்க மாத்திரை’ என்று வெறும் வயிற்றில் போட்டு இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தாள். பத்து மணிக்குக் குடலைப் பிடுங்கியது. அப்படியும் விடாமல் மூன்று நாள்!

ஷைஜு பதறிப்போய் யாரைக் கூப்பிட்டான்? அவளைத்தான். கஞ்சியோடு வந்த ரெஜிஷா, “வெறும் வயித்துலயா போட்டீங்க லீமாக்கா?” என்று காதோடு கேட்டாள். ஷைஜுவிடம் சொல்லவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நாலாம் நாளிலிருந்து லீமா இரண்டு இட்லியைத் தின்றுவிட்டே போட்டாள். குமட்டல் குறைந்தது. படபடப்பு மட்டும் டாக்டர் சொன்னபடியே கூடியிருந்தது. வரும்போதெல்லாம் காலைத் தரையில் ஊன்றி, அடுக்களை ஜன்னலின் ஏழு கம்பிகளை எண்ணுவாள். அடங்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

இன்று மூன்றரை மணிக்கும் எண்ணிக்கொண்டுதான் நின்றாள். புறவாசலில் ஷைஜு துணிகளை மடித்துப் பையில் திணித்துக்கொண்டே, போனைத் துவைகல்லில் வைத்துப் பேசினான்.

“ரெஜி, இவளுக்கு இப்ப எப்படியாக்கும் இருக்கு? கொள்ளாமா?”

“ஒங்க பொண்டாட்டிக்கு எப்படி இருக்குன்னு எங்கிட்ட கேட்டா? அடுக்களையிலதான நிப்பா. போய்க் கேளுங்க அத்தான்.”

“கேட்டா அழுதிருவாளோன்னு பயமா இருக்கு மக்கா. அவ அழுதா நான் போட்டுல ஏற மாட்டேன், கேட்டியா.”

“ஏறாண்டாம். நீங்க இல்லைன்னா போட்டு முங்கிருமாக்கும்!”

“வாய மூடுட்டி! பொறப்படுத நேரத்துலயா இந்தப் பேச்சு?”

ஜன்னல் கம்பி எண்ணிக்கை தவறிப்போயிற்று லீமாவுக்கு. பயம் என்று ஷைஜு சொல்லி அவள் கேட்டதே இல்லை. புயலைப் பற்றிச் சொன்னபோதுகூட, அலை எத்தனை உயரம் என்றுதான் சொன்னான். இந்த வீட்டில் பயப்படுகிறவள் தான் ஒருத்திதான் என்று ஒரு வருஷமாகக் கூனிக் குறுகிக் கிடந்தாள். அவனிடமும் பயம் இருந்திருக்கிறது. அதைக் கொண்டுபோய் ரெஜிஷாவிடம் கொடுத்திருக்கிறான். சிரித்துப் பேசியிருந்தால்கூட மன்னித்துவிடுவாள். இது எப்படி அவளுக்குப் போகலாம்?

ஷைஜு பையோடு உள்ளே வந்தான். “ஏட்டி, ராத்திரி துணைக்கு ரெஜிஷா வந்து படுத்துக்கிடுவா. சொல்லி வச்சிருக்கேன்.”

“அவ எதுக்கு?”

“நர்ஸுல்லா. ஒனக்கு ஒண்ணுன்னா…”

“எனக்கு ஒண்ணுன்னாலும் அவளுக்குத்தான் தெரியணும். எனக்க புருசன் பயந்தாலும் அவளுக்குத்தான் தெரியணும். அப்படித்தானே?”

ஷைஜுவின் காது சிவந்தது. “கேட்டுட்டியா?”

“ஸ்பீக்கர்ல போட்டா ஊருக்கே கேக்கும்.”

கோயில் முக்கில் வேன் ஹாரன் அடித்தது. அவன் அவளைப் பார்த்தான், பையைப் பார்த்தான், பிறகு குனிந்து பையைத் தூக்கினான். லீமாவின் நெஞ்சு காதுக்குள் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று… நாலாவது கம்பியில் எண்ணுவதை விட்டுவிட்டு, வந்து பையின் வாரைப் பிடித்தாள்.

“டாக்டர்ட்ட நான் பொய் சொன்னேன். மூணு வாரமும் நீங்க கூட இருப்பீங்கன்னு சொன்னேன். ஒங்கட்ட கேக்கவே இல்ல.”

ஹாரன் மறுபடி அடித்தது. அவள் வாரை விடவில்லை.

“அவ வராண்டாம். நீங்க இருங்க. இந்தத் தடவை கடலுக்குப் போகாதீங்க.”