எழும்பாத தடிப்பு

பாக்கியசீலி கையில் காசநோய்ப் பரிசோதனை ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, செத்துப்போன அக்கா அருள்மணி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்த ஊரில் இந்த ஊசி போட்டால், யாருடைய மூச்சிலிருந்து கிருமி வந்ததோ அவர் வீடு தேடி வருவார். முன்கையில் தடிப்பு எழும்பும்வரை இருப்பார். எழும்பியதும் போய்விடுவார். பக்கத்து வீட்டு எஸ்தருக்கு முன்பின் தெரியாத ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். கட்டிலருகே நின்றபடியே இரண்டு நாளும் சில்லறை கேட்டுவிட்டுப் போனார்.

பாக்கியசீலிக்குக் கைக்குழந்தைகள் காப்பகத்தில் வேலை கிடைத்திருந்தது. நெஞ்சில் நோய் இல்லை என்று ஆஸ்பத்திரி சொன்னால்தான் குழந்தைகளைத் தூக்க விடுவார்கள்.

"எப்படிக்கா வந்த?"

"நடந்துதான். இப்பம்லாம் மூச்சு வாங்கல."

அக்கா அவள் முன்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஊசி போட்ட இடம் சிவந்தது. அக்காவுக்குச் சந்தோஷம். சாயங்காலத்துக்குள் அந்தச் சிவப்பும் வெளுத்துவிட்டது.

"ஒண்ணும் எழும்பலயேட்டி."

"எழும்பும்க்கா."

"ஒரே ரூம்புல கெடந்தோம். உன் கையாலதான் கஞ்சி குடிச்சேன். உன் மூஞ்சிக்கு நேராத்தான் இருமினேன்."

"தெரியும்க்கா."

"உனக்குத் தெரியுது. உன் கைக்குத் தெரியலயே."

மூன்றாம் நாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நடக்க நடக்க வராந்தா நீண்டுகொண்டே போனது. பின்னால் வந்த அக்காவின் செருப்புச் சத்தம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தாள். அக்கா வந்துகொண்டுதான் இருந்தாள். சத்தம் மட்டும் வரவில்லை.

நர்ஸ் குணசுந்தரி கண்ணை மூடிக்கொண்டு முன்கையை விரல் நுனியால் தடவினாள். பிறகு பேனாவால் இரண்டு பக்கத்திலிருந்தும் கோடு இழுத்தாள். தடிப்பின் விளிம்பில் பேனா தட்டி நிற்க வேண்டும். எங்கும் நிற்கவில்லை. இரண்டு கோடுகளும் நடுவில் முட்டிக்கொண்டன.

"பூச்சியம்."

"நேத்து சிவந்துச்சே சிஸ்டர்," என்றாள் அக்கா.

"சிவப்பு கணக்குல வராது. விரலுக்குத் தட்டுப்படுற கெட்டியத்தான் அளப்போம். நீங்க யாரு?"

"இவ அக்கா."

"கை அப்படிச் சொல்லலயே."

பாக்கியசீலி கோடுகள் முட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தாள். "அப்ப எனக்குக் கிருமி வரவே இல்லியா சிஸ்டர்?"

"வராமலும் இருக்கலாம். வந்து ரொம்ப வருசமாயிட்டுன்னா உடம்பு மறந்தும் போயிரும். பத்து நாள் கழிச்சு இன்னொண்ணு போடுவோம். மொத ஊசி ஞாபகப்படுத்தும். ரெண்டாவதுக்குத்தான் பதில் வரும்."

"அதுலயும் வரலேன்னா?"

"இவங்க வேற கை பாத்துக்கிடணும்."

"வேற யாரு இருக்கா?" என்றாள் அக்கா. "நான் சீக்காக் கெடந்தப்ப மத்தவங்கல்லாம் வாசலோட நின்னுட்டாங்களே."

அந்தப் பத்து நாளில் அக்கா கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தாள். முதலில் நிழல் போனது. அப்புறம் புருவம். ஒருநாள் கேட்டாள்:

"ஏட்டி, எனக்குக் கன்னத்துல மச்சம் உண்டுமா?"

பாக்கியசீலி யோசித்தாள். கஞ்சிக் கிண்ணம் ஞாபகம் இருந்தது. அதைப் பிடித்திருந்த எலும்புக் கை ஞாபகம் இருந்தது. முகம் இருந்த இடத்தில் ஒரு வெளிச்சம்தான் தெரிந்தது.

"உண்டு. வலது கன்னத்துல."

மறுநாள் காலையில் அக்காவின் வலது கன்னத்தில் மச்சம் இருந்தது. அது சரிதானா என்று கேட்க உலகத்தில் வேறு ஆள் இல்லை. அக்கா குரலைப் பற்றிக் கேட்டாள், பல்லைப் பற்றிக் கேட்டாள். பாக்கியசீலி வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அக்கா அப்படி அப்படியே ஆனாள். தான் வேறு யாரையோ உண்டாக்கிக்கொண்டிருக்கிறோமோ என்று அவளுக்குப் பயம் வந்தது.

இரண்டாவது ஊசி போட்ட மறுநாள் கை அரித்தது. அதற்கும் அடுத்த நாள் விடியும்போது முன்கையில் கெட்டியாக ஒரு மேடு எழும்பியிருந்தது. அக்கா அதை ஒற்றை விரலால் தொட்டாள்.

"இது நாந்தான்," என்றாள். பாக்கியசீலி சொல்லிக்கொடுக்காத குரலில் சொன்னாள். அவள் சொல்லிக்கொடுத்த மச்சம் கன்னத்தில் இல்லை. பாக்கியசீலி அந்த முகத்தை நன்றாகப் பார்ப்பதற்குள் அடுப்படி காலியாகிவிட்டது.

குணசுந்தரியின் பேனா இந்த முறை இரண்டு பக்கமும் தட்டி நின்றது. இடைவெளியை அளந்தாள். "பதினாறு மில்லிமீட்டர்."

"அப்ப எனக்கு நோயா?"

"இல்லம்மா. கிருமியச் சந்திச்ச உடம்புன்னுதான் அர்த்தம். நோய் இருக்கா இல்லியான்னு படம் எடுத்தாத்தான் தெரியும்."

எடுத்தார்கள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். நெஞ்சு சுத்தமாக இருந்தது. வலது பக்கம் மேலே, விலா எலும்புகளுக்கு நடுவில், அக்கா முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"தூங்குறாங்க," என்றார் டாக்டர். "நோய் இல்ல."

"பிள்ளைகளத் தூக்கலாமா சார்?"

"தாராளமா. தூங்குறவங்க யாருக்கும் பரவ மாட்டாங்க. ஆனா என்னைக்காவது எழும்பலாம். அதுக்கு மாத்திரை தாரேன். மாசக்கணக்காச் சாப்பிடணும்."

"அது அவ எழும்பாம இருக்கவா சார், இல்ல போறதுக்கா?"

"ரெண்டுக்கும் ஒரே மாத்திரைதான்."

மறுநாள் காலையில் காப்பகத்துக்குப் போகச் சேலை கட்டிக்கொண்டு, பாக்கியசீலி டம்ளரில் தண்ணீர் எடுத்தாள். மாத்திரையை வெகுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். குழந்தைகள் விழித்திருப்பார்கள், நேரமாகிவிட்டது. வாயில் போட்டு விழுங்கினாள்.

அது மெல்ல இறங்கியது. இறங்கும் சத்தத்தை, நெஞ்சுக்குள் யாரோ எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள்.