காலண்டரில் இருந்த பெண்

"மதினி, உங்க வீட்டு விசாரணை திங்கக்கிழமை உங்க ஹாலுலயே நடக்குமாம். தலையாரி சொல்லிட்டுப் போறான்."

"எந்த ஹாலு?"

"ரேவுபாலெத்துல என்ன பத்து ஹாலா இருக்கு? ஃபேன் சுத்துற ஹாலு."

சுவார்த்தம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பக்கத்து வீட்டு மார்த்தம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு, இவள் அழுவாளா திட்டுவாளா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் இரண்டும் செய்யவில்லை.

கிருபா ஊழியம் என்கிற கிறிஸ்தவ அமைப்பு குண்டூர்ப் பக்கம் ரேவுபாலெத்தில் தாழ்த்தப்பட்டோர் குடியிருக்கும் பேட்டையின் மேற்குக் கோடியில் கட்டி நடத்தி வரும் சமுதாயக் கூடம் அது. போலியோ சொட்டு மருந்து, கண் முகாம், ரேஷன் கார்டு திருத்தம் எல்லாம் அங்கேதான் நடக்கும். மிளகாய்க் காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களின் சின்னப் பிள்ளைகள் முப்பது பேர் பகல் முழுவதும் அங்கேதான் கிடப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் ஜெபம். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கூடத்தின் சாவி சுவார்த்தம்மாவின் இடுப்பில் இருந்தது. கூட்டுவது, சமைப்பது, வருகிற அதிகாரிக்கு நாற்காலி போடுவது எல்லாம் அவள்தான். இப்போது தன்னை விசாரிக்க வருகிறவனுக்கும் அவளே நாற்காலி போட வேண்டும்.

விசாரணை அவள் மகளின் சாதிச் சான்றிதழைப் பற்றி. மகளுக்கு அரசுப் பள்ளியில் டீச்சர் வேலை தேர்வாகியிருந்தது, தாழ்த்தப்பட்டோர் ஒதுக்கீட்டில். சான்றிதழில் இந்து என்று இருக்கிறது. ஞானஸ்நானம் வாங்கிய கிறிஸ்தவள் என்று நிரூபணமானால் சான்றிதழ் செல்லாது. சான்றிதழ் போனால் வேலையும் போயிற்று.

இது ஒன்றும் பேட்டைக்குப் புதிதில்லை. அங்கே எல்லாருக்கும் இரண்டு பேர் உண்டு. ஜெபத்தில் ஒன்று, காகிதத்தில் ஒன்று. சுவார்த்தம்மா காகிதத்தில் நாஞ்சாரம்மா. மார்த்தம்மா காகிதத்தில் போலம்மா. மகள் எஸ்தர் பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டரில் ஸ்ரவந்தி. வயலுக்கு ஒரு புடவை, கல்யாணத்துக்கு ஒரு புடவை என்கிற மாதிரிதான். யாருக்கும் அதில் உறுத்தல் இருந்ததில்லை. நாற்பது வருஷமாக அந்த இரண்டு பேரும் ஒன்றையொன்று பார்க்காமல் நடமாடின. பார்க்க வைத்தது ஒரு காலண்டர்.

ஊழியம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் காலண்டர் அச்சடித்து ஊரெல்லாம் கொடுக்கும். ரெட்டியார் வீடு, மளிகைக் கடை, மண்டல அலுவலகம் ஒன்றும் பாக்கியில்லை. இந்த வருஷப் படம், போன ஈஸ்டரில் கால்வாயில் ஞானஸ்நானம் வாங்கிய எஸ்தர். இடுப்பளவு தண்ணீர், வெள்ளைப் புடவை, மூடின கண், மேலே நிமிர்ந்த முகம். கீழே கொட்டை எழுத்தில் பேரும் ஊரும். அச்சாகி வந்த அன்று பேட்டையே கூடிப் பார்த்து மகிழ்ந்தது. சுவார்த்தம்மா இரண்டு காலண்டர் கேட்டு வாங்கி, ஒன்றைத் தன் கையாலேயே தபால்காரருக்குக் கொடுத்தாள். அப்போது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பிப்ரவரியில் யாரோ அதைச் சுருட்டி மொட்டைக் கடுதாசியோடு மேலிடத்துக்கு அனுப்பி விட்டார்கள்.

சாயங்காலம் அவள் ஐயகாருவின் வீட்டுக்குப் போனாள். பாஸ்டர் ஜீவரத்னத்தை ஊரில் எல்லாரும் ஐயகாரு என்றுதான் கூப்பிடுவார்கள். கூடத்துக்கும் அவர்தான் பொறுப்பு.

"ஐயகாரு, திங்கக்கிழமை நான் என்ன சொல்லணும்?"

"எதைப் பத்திம்மா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

அவர் டீயை ஆற்றினார். ஆறின டீயை மறுபடி ஆற்றினார். "பொய் சொல்லுன்னு என் வாயால எப்படிம்மா சொல்லுவேன்?"

"அப்ப உள்ளதைச் சொல்லிடவா?"

"அதையும் நான் சொல்லலை."

"பின்ன எதைத்தான் சொல்றீங்க?"

"ஜெபம் பண்ணிக்கோன்னு சொல்றேன்."

"உங்க பையனுக்கு இதே ஒதுக்கீட்டுல இன்ஜினியரிங் சீட்டு வந்தப்ப நீங்க என்ன ஜெபம் பண்ணினீங்கன்னு சொல்லுங்க. நானும் அதையே பண்ணிக்கிறேன்."

ஐயகாருவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். "அவன் படம் காலண்டர்ல வரலைம்மா," என்றார் மெதுவாக.

பிறகு அவரே சொன்னார். "இன்னொண்ணும் இருக்கு. ஊழியத்துல வேலை பாக்குறவங்க சபையில இருக்கணுங்கறது சட்டம். நாலு பேரு முன்னால நீ இல்லைன்னு கையெழுத்துப் போட்டு, அது மேல தெரிஞ்சா நான் என்ன பதில் சொல்ல?"

"போடாட்டா எம்மக வேலை போயிடும். போட்டா என் வேலை போயிடும். அப்படித்தான?"

"நான் திங்கக்கிழமை குண்டூர்ல இருப்பேன். மீட்டிங்."

"இருங்க. நல்லா இருங்க," என்று எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் எஸ்தர் புளிச்சகீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னாள்:

"நான் பொய் சொல்ல மாட்டேம்மா."

"உன்னை யாரு சொல்லச் சொன்னது? வாயை மூடிக்கிட்டு நில்லு, போதும். பேசுறது நான்."

"நீ சொன்னா அது பொய் இல்லையா?"

"அது என் தலையில விழட்டும். உங்கப்பன் போனதிலேருந்து எல்லாம் அங்கதான விழுது? இதுவும் விழட்டும்."

"அம்மா, அந்தத் தண்ணிக்குள்ள நான் நெஜமாத்தான் இறங்கினேன்."

"தெரியும்டி. கரையில துண்டு வச்சுக்கிட்டு நின்னது நான்தான?"

எஸ்தர் கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே இருந்தாள். இலையையும் சேர்த்து ஒடித்தாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் கூடத்தைத் திறந்து வேத வசன அட்டைகளை எல்லாம் கழற்றிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். சிலுவையை என்ன செய்வது? அது கழற்றுகிற சிலுவை இல்லை. சுவரோடு சேர்த்து சிமெண்டில் வார்த்தது. மார்த்தம்மா கண் முகாம் பேனரைத் தேடி எடுத்து வந்தாள். இரண்டு பேருமாக பெஞ்சு மேல் ஏறி அதைச் சிலுவையின் மேல் கட்டினார்கள்.

"மன்னிச்சுக்கோ சாமி, ஒரு ரெண்டு மணி நேரம்தான்," என்றாள் மார்த்தம்மா பேனரைப் பார்த்து. பிறகு, "மதினி, மூக்கு மாதிரி நடுவுல துருத்திக்கிட்டு நிக்குதே!" என்று சிரித்தாள். சுவார்த்தம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். தூசிக்குக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே தலையாரி வீராசாமி. ஃபேனுக்கு நேர்கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த இன்ஸ்பெக்டர் பேனரை நிமிர்ந்து பார்த்தார்.

"கண் முகாம் எப்ப?"

"போன மாசமே முடிஞ்சிருச்சு சார்," என்றாள் மார்த்தம்மா.

"முடிஞ்சதுக்கு இன்னும் எதுக்குப் பேனரு?"

"கண்ணு தெரியாதவங்க இன்னும் இருக்காங்களே சார்."

வாசலில் நின்ற கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டது. அவர் அவளையே முதல் சாட்சியாகக் கூப்பிட்டார்.

"பேரு?"

"போலம்மா சார்."

"வீட்டுல என்ன சாமி கும்பிடுறீங்க?"

"எல்லாச் சாமியும்தான் சார். நாங்க கும்பிட்டா எந்தச் சாமியும் வேண்டாங்கறதில்லை. கோயிலுக்குள்ளதான் விடமாட்டேங்கறாங்க."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. இந்த நாஞ்சாரம்மா குடும்பம்?"

"போலேரம்மாவுக்குப் பொங்கல் வைக்கிற குடும்பம் சார். எங்க பொங்கலை விட அவங்க பொங்கல்ல வெல்லம் தூக்கலா இருக்கும்."

இன்னும் நாலு பேர் வந்தார்கள். ஒருத்தர் திருப்பதி மொட்டை என்றார், ஒருத்தி சங்கராந்திக் கோலம் என்றாள். எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை அதே தரையில் மண்டி போடுகிறவர்கள். இவ்வளவு சரளமாகச் சொல்கிறார்களே என்று சுவார்த்தம்மாவுக்கு நன்றியும் வந்தது, கூச்சமும் வந்தது. எஸ்தர் அவளுக்குப் பின்னால் சுவரோரம் நின்றாள்.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டுப் பையிலிருந்து காலண்டரை எடுத்து மேஜையில் விரித்தார். அது சுருண்டுகொண்டது. தலையாரி ஒரு பக்கம் பிடித்தான்.

"நாஞ்சாரம்மா, இங்க வா. இது யாரு?"

"தெரியலை சார்."

"தெரியலையா? அந்தா நிக்கிறாளே, அவ மூஞ்சி மாதிரி இல்லை?"

"இந்தப் பேட்டையில எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம் சார். எல்லா மூஞ்சியும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"எஸ்தர்னு போட்டிருக்கு. யாரு அந்த எஸ்தர்?"

"அப்படி ஒரு பொண்ணு எங்க வீட்டுல இல்லை சார்."

சொல்லி முடித்ததும் பின்னாலிருந்து ஏதாவது சத்தம் வரும் என்று முதுகு முழுவதையும் காதாக்கிக்கொண்டு நின்றாள். ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. இன்ஸ்பெக்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதியதை அவர் சத்தமாகப் படித்தார். "படத்திலுள்ள எஸ்தர் என்பவர் எனக்கு மகளும் அல்ல, உறவும் அல்ல. கிருபா ஊழியத்தோடு எனக்கோ என் மகளுக்கோ எவ்விதத் தொடர்பும் இல்லை."

"ரெண்டாவது நான் சொல்லலையே சார்."

"சொல்லலைன்னா? தொடர்பு இருக்கா?"

இடுப்பில் சாவி குத்தியது. அவள் புடவையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"இந்த ஹாலை யாரு பாத்துக்கறது? ஆயா யாரு?"

மேலே ஃபேன் மட்டும் கிறீச் கிறீச் என்றது. பிறகு மார்த்தம்மா, "நான்தான் சார்," என்றாள். "பன்னெண்டு வருஷமா நான்தான்."

சுவார்த்தம்மா கையெழுத்துப் போட்டாள். அடுத்து மகளைக் கூப்பிட்டார்கள். எஸ்தர் வந்தாள், பேனாவை வாங்கினாள். காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், தெரிந்த முகம் எங்கே பார்த்தது என்று யோசிக்கிறவளைப் போல. இவள் இப்போது பேனாவை வைத்துவிடுவாள் என்று சுவார்த்தம்மாவுக்குத் தோன்றியது. அப்படி வைத்துவிட்டால்கூடத் தேவலை என்றும் ஒரு நொடி தோன்றியது. அவள் குனிந்து ஸ்ரவந்தி என்று எழுதினாள்.

"டீச்சராகப் போற பொண்ணு, கையெழுத்து இப்படிக் கோணுதே?" என்றார் இன்ஸ்பெக்டர். கோப்பை மூடினார். "நான் சாதகமாத்தான் எழுதுறேன். ஆனா ஆர்டர் வந்த பிறகும் யாரு வேணும்னாலும் திரும்ப மனு போடலாம், நாங்க எப்ப வேணும்னாலும் வந்து பாப்போம். நடந்துக்கறதுலதான் இருக்கு. வீராசாமி, ஒரு கண்ணு வச்சுக்கோ."

ஜீப் போய்விட்டது. தலையாரி போகவில்லை. கூடத்து நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் போட்டு உட்கார்ந்தான்.

சுவார்த்தம்மா சமையல்கட்டுக்குப் பின்னால் போய்ச் சாவியை அவிழ்த்து மார்த்தம்மாவின் கையில் வைத்தாள்.

"ஐயோ மதினி, சும்மா அந்த ஆளுகிட்டச் சொன்னேன்! நாளைக்கு வாங்கிக்கோங்க."

"நாளைக்கு இவன் வராம இருப்பானா? வச்சுக்கோ."

"முப்பது பிள்ளைக்குச் சோறு வடிக்க எனக்கு எங்க தெரியும்?"

பதில் சொல்ல நேரமில்லை. தலையாரி எட்டிப் பார்த்தான். அவள் சாலையைத் தாண்டி எதிரே இருந்த தன் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

மணி பன்னிரண்டரை. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். கூடத்து ஜன்னல் வழியாகப் புகை வந்தது. சுவார்த்தம்மாவால் சும்மா நிற்க முடியவில்லை.

"ஏ மார்த்தா! பருப்பு வேகறதுக்கு முன்னால புளியை விடாதே, வேகாது!"

"விட்டுட்டேனே மதினி!"

"அடிப்பாவி! உப்பு?"

"அதையும்தான்!"

தலையாரி பல்லைக் குத்திக்கொண்டே கேட்டான். "என்ன நாஞ்சாரம்மா, இங்க உனக்குத் தொடர்பு ஒண்ணும் இல்லைன்னு இப்பத்தான கையெழுத்துப் போட்டே?"

"பக்கத்து வீட்டுக்காரி குழம்புக்குப் பக்குவம் சொல்றதுக்கும் உங்க ஆபீசுல சான்றிதழ் வாங்கணுமா?"

"சொல்லு, சொல்லு. அங்கேருந்தே சொல்லு," என்று சிரித்தான்.

உள்ளே ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. அதைப் பார்த்து இன்னொன்று. அந்த நேரத்தில்தான் எஸ்தர் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். கையில் மோர்ச் சட்டி. வீட்டில் இருக்கிற நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் பரிமாறுவது அவள்தான். அம்மாவைக் கடந்தாள், சாலையைக் கடந்தாள், தலையாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டில் கை வைத்தாள். உள்ளே இருந்த பிள்ளைகள் "எஸ்தரக்கா!" என்று ஒரே குரலாகக் கத்தின. தலையாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

சுவார்த்தம்மா வாயைத் திறந்தாள். இருபத்திரண்டு வருஷமாகக் கூப்பிட்ட பேர் நாக்கு வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "ஸ்ரவந்தி!" என்று கூப்பிட்டாள்.

எஸ்தர் நின்றாள். ஒரு கால் கேட்டுக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. திரும்பினாள். ரிஜிஸ்டரில் பேர் வாசித்ததும் எழுந்து நிற்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் முகம் அது. அம்மாவைப் பார்க்கிற முகம் இல்லை.

"என்னங்க?" என்றாள்.

சட்டியில் மோர் தளும்பிக் கையில் வழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. அம்மா சொல்லட்டும் என்று அப்படியே நின்றாள். திரும்பி வா என்று சொல்ல முடியாமல், போ என்றும் சொல்ல முடியாமல் சுவார்த்தம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.