கிழக்குப் பக்கத்து நாற்காலிகள்

மேற்கு மாவட்டத்து நாற்காலியை எல்லைக் கோட்டைத் தாண்டிக் கிழக்கு மாவட்டத்துக்குள் கொண்டுபோனால், அது பின்னங்கால் இரண்டையும் ஊன்றி எழுந்து, சுவரோரமாகப் போய் நின்றுகொள்ளும். கை வைத்த நாற்காலி என்றால் கையையும் கட்டிக்கொள்ளும். சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியில் இதை யாரும் அதிசயமாகப் பேசியதில்லை. நிலம் மலிவாகக் கிடைத்த சந்தோஷத்தில் முதலாளியின் அப்பா எல்லை எது என்று பார்க்காமல் கட்டடத்தை எழுப்பிவிட்டார். மாவட்ட எல்லை தையல் ஹாலுக்கு நட்டநடுவே போவது பிற்பாடுதான் தெரிந்தது. தரையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் ஒரே லட்சணம்தான். எல்லாரும் நின்றார்கள், எல்லாருக்கும் வியர்த்தது. பிறகு மேற்கு மாவட்டத்தில் பெரிய வேலைநிறுத்தம் நடந்து சட்டம் வந்தது: உட்கார நாற்காலி, தலைக்கு மேல் விசிறி, தாழ்ப்பாள் உள்ள கழிவறை. கிழக்கு மாவட்டத்தில் அதே சட்டம் பரிசீலனைக்குப் போனது. போனது போனதுதான். மேற்குப் பக்கத்து விசிறிக் காற்று மஞ்சள் கோடு வரைக்கும் வந்து, அங்கே ஒரு நிமிஷம் தயங்கி, வந்த வழியே திரும்பிவிடும். வருஷம் ஏற ஏற மேற்கே வேலை பார்த்தவர்களுக்குத் தொந்தி வைத்தது, கிழக்கே பார்த்தவர்களுக்குக் கெண்டைக்கால் திரண்டது. யாருக்கு எந்தப் பக்கம் என்பதற்கும் ஒரு நியாயம் இருந்தது. கேட்டால் சிரிப்பீர்கள். வேலையில் சேர்ந்த அன்று எந்த கேட் வழியாக உள்ளே வந்தார்களோ, ஆயுசுக்கும் அந்தப் பக்கம்.

செக்கிங் அக்கா சேர்ந்த அன்று நல்ல வெயில். மரநிழல் இருக்கிறதே என்று கிழக்கு கேட் வழியாக வந்துவிட்டாள். அவளோடு வேலைக்குச் சேர வந்த புருஷனுக்குச் செருப்பு அறுந்துபோய், அதைத் தைத்துக்கொண்டு பின்னால் வந்தவர் மேற்கு கேட்டில் நுழைந்தார். அவர் சட்டையில் பொத்தான் நுழையும் துளைக்குக் காஜா எடுப்பவர். அவளோ, மெஷினிலிருந்து வரும் சட்டையில் நூல் பிசிறு வெட்டிக் குறை பார்ப்பவள். கோட்டுக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்து காஜா எடுப்பார், இந்தப் பக்கம் அவள் நின்று பிசிறு வெட்டுவாள். ஒரே குடும்பம், ரெண்டு சட்டம். வீட்டிலும் அவள் நின்றுகொண்டே சாப்பிட்டாள். "உக்காரேன்டி" என்பார் காஜாக்காரர். "பழக்கம் விட்டுப்போச்சுங்க" என்பாள்.

இப்படியே காலம் போய், அக்காவின் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வருஷம் நின்னீங்கன்னா அப்புறம் நடக்கவே முடியாதும்மா. ஒண்ணு உக்காந்து வேலை பாருங்க, இல்லன்னா வேலைய விட்டுருங்க" என்றார். எப்படி விடுவது? மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். காஜாக்காரர் ஒருவர் கையால் அந்த வீடு ஓடாது. மேற்குப் பக்கம் மாற்றுங்கள் என்று மேனேஜரிடம் போய்க் கெஞ்சினாள். "கேட் மாறி வந்தது உங்க தப்பும்மா" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

காஜாக்காரர், மேற்கு மாவட்டத்தில் இருந்த தங்கள் வீட்டு நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். கோட்டைத் தாண்டியதும் அது அவர் தலையிலிருந்து இறங்கிச் சுவரோரம் போய்க் கைகட்டி நின்றது. இதே முயற்சியில் தோற்றவர்களின் நாற்காலிகள் அங்கே ஏற்கெனவே ஒரு வரிசை நின்றன. அக்காவுக்கு வந்ததே கோபம்! "வீட்ல அவ்வளவு சட்டமா உக்காந்திருப்பியே, இங்க வந்ததும் என்ன கேடு உனக்கு? உனக்கா சம்பளம் குடுக்குறாங்க?" என்று திட்டித் தீர்த்தாள். நாற்காலி சூப்பர்வைசர் இருந்த திசையையே பார்த்தபடி அசையாமல் இருந்தது. மறுநாள் அதன் காலை மேஜைக்காலோடு கயிறு போட்டுக் கட்டினார்கள். அது மேஜையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நின்றது. அடுக்கி வைத்த சட்டையெல்லாம் தரையில்.

அடுத்த திங்கட்கிழமை காலையில், மெஷின் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், அக்கா "போதும்டா சாமி" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலை நீட்டி, சட்டைக் கட்டை மடியில் இழுத்துப் போட்டுப் பிசிறு வெட்டினாள். சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"எந்திரி!"

"மாட்டேன். கால் என்னோடது."

"கிழக்குப் பக்கம் உக்கார சட்டம் இல்ல, தெரியும்ல?"

"உக்காரக் கூடாதுன்னும் இல்லல்ல?"

அவர் மேனேஜரைக் கூப்பிடத் திரும்பினார். அதற்குள் அயர்ன் போடுகிறவள் உட்கார்ந்தாள், மடிக்கிறவள் உட்கார்ந்தாள், கிழக்குப் பக்கம் முழுக்கத் தரையோடு தரையானது. சுவரோர நாற்காலிகள் கிழக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். பாவம், அவற்றுக்கும் இத்தனை வருஷம் பயம். முதலில் அக்கா வீட்டு நாற்காலி கட்டிய கையை அவிழ்த்தது. கிறீச் கிறீச்சென்று நடந்து அவள் முதுகுக்குப் பின்னால் வந்து, முன்னங்கால்களைத் தரையில் பதித்தது. "இப்பதான் புத்தி வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே அக்கா ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. மற்ற நாற்காலிகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

சட்டம் வரும் முன்னே நாற்காலிகள் உட்கார்ந்துவிட்டன, தூண்டிவிட்டவள் செக்கிங்காரி என்று மேலே புகார் போனது. விசாரிக்கக் கிழக்கு மாவட்டத்துத் தொழிலாளர் ஆய்வாளர் வந்தார். அவர் ஒரு வார்த்தை எழுதினால் அக்காவுக்கு வேலை போய்விடும். மகளின் படிப்பு முடிய இன்னும் நாள் கிடந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் காஜாக்காரர் இந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில் காஜா கோணலாக விழுந்தது.

ஆய்வாளர் ஒல்லியான மனிதர். அவருடைய ஆபீசும் கிழக்கு மாவட்டம்தானே! அங்கே அவர் பக்கத்தில் எப்போதும் நின்றிருந்த நாற்காலியைப் பியூன் என்றே நினைத்துப் பழகியிருந்தார். "உங்க மேல புகார் வந்திருக்கும்மா" என்றார்.

"முதல்ல உக்காருங்க சார், சொல்றேன்."

ஆய்வாளர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "எப்படி?" என்றார்.

"முட்டிய மடக்குங்க. பயப்படாதீங்க, நாற்காலி புடிச்சுக்கும்."

மடக்கினார். பிடித்துக்கொண்டது. அவர் விட்ட பெருமூச்சில் மேஜைமேல் இருந்த பிசிறெல்லாம் பறந்தது. பிறகு ஷூவைக் கழற்றினார். சாயந்திரம் மணி அடிக்கும்வரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"என்ன சார் எழுதப் போறீங்க?" என்றாள் அக்கா.

"இதெல்லாம் ஒரு நாள்ல விசாரிச்சு முடிக்கிற விஷயமாம்மா?" என்று சொல்லிவிட்டுப் போனவர், மறுநாள் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

விசாரணை முடியும்வரை யாரையும் வேலையிலிருந்து எடுக்கக் கூடாது என்பது இரண்டு மாவட்டத்துக்கும் பொதுவான சட்டம். விசாரணை இன்னும் நடக்கிறது. அக்காவின் மகள் படிப்பை முடித்து நர்ஸாகிவிட்டாள். ஆய்வாளருக்கு லேசாகத் தொந்தி விழுந்திருக்கிறது. கை சும்மா இருக்கிறதே என்று அவரும் பிசிறு வெட்டுகிறார், காலரைச் சுற்றி அவர் வெட்டினால் ஒரு நூல் மிஞ்சாது. மணி அடித்ததும் அக்கா நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடக்கிறாள். காஜாக்காரர்தான், "கொஞ்சம் மெதுவாப் போடி" என்று மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போகிறார்.