டிரைவருக்கு மூவாயிரம்

வேன் கிளம்ப இன்னும் கால் மணி நேரம் இருந்தது. உள்ளே மூன்று பிள்ளைகளும் ஜன்னல் ஓரத்துக்காக அடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே வைத்த தண்ணீர்க் கேனை எடுக்க வண்டியின் பின்பக்கம் போன தையல்காரி, போன இடத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

பின்சக்கரத்தின் அருகே அவளுடைய ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி, டிரைவரிடம் ஒரு கனத்த கவரை நீட்டிக்கொண்டிருந்தாள். அவன் விரலில் எச்சில் தொட்டு எண்ணினான். எண்ணிவிட்டுச் சட்டைக்குள் செருகினான்.

“யாருக்கும் தெரிய வேண்டாம்க்கா.”

“என் வாயிலேர்ந்து வராது தம்பி.”

அது என்னவோ உண்மைதான். ஓரகத்தியின் வாயிலிருந்து சுலபத்தில் எதுவும் வராது. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் துணிக் கணக்குப் பார்க்கிறவள் அவள். எத்தனை விரிப்பு வெளுக்கப் போனது, எத்தனை திரும்பி வந்தது என்று நாள் முழுக்க எண்ணி எண்ணி, வீட்டிலும் பேச்சை எண்ணித்தான் வெளியே விடுவாள். தையல்காரி அவளுக்குப் ‘பூட்டு’ என்று பேர் வைத்து ஆறேழு வருஷம் ஆகிறது. ரகசியமாகத்தான் வைத்தாள். கணவனிடம் மட்டுந்தான் சொன்னாள். அவன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். அவனிடம் ஒன்றைச் சொல்வதும் தெருச் சுவரில் எழுதி வைப்பதும் ஒன்றுதான்.

வண்டி வாடகையில் டிரைவர் கூலியும் சேர்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அப்புறம் இந்தக் கவர் எதற்கு?

கேட்கிற உங்களுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். அவள் இடத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். போன வருஷ விடுமுறைக்கும் இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் போனார்கள். கணக்கும் இல்லை, வழக்கும் இல்லை. அண்ணன் ஒரு ஓட்டலில் பணம் கட்டினால், தம்பி விட்டுக்கொடுக்காமல் அடுத்த ஓட்டலில் அதைவிடப் பெரிதாகக் கட்டுவான். மூன்றாம் நாள் இரண்டு பேர் சட்டைப் பையும் காலி. கைமாற்று வாங்கித்தான் வீடு வந்து சேர்ந்தார்கள். அந்தக் கடனை அடைக்கத் தையல்காரியின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. கால்சட்டை ஓரம் மடித்தும், அறுந்த ஜிப்பை மாற்றியும், அவள் அதை மீட்க எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் அவள் கடைக் கண்ணாடியில் தன் கழுத்தைப் பார்க்கவே இல்லை.

அதனால்தான் இந்த வருஷம் ஓரகத்தி போட்ட திட்டத்துக்கு அவளே முதலில் தலையாட்டினாள். மாதாமாதம் இரண்டு வீடும் ஒரே அளவு பணத்தை ஒரு பச்சைப் பர்ஸில் போடுவது. வேனுக்கும் தங்கும் அறைக்கும் முன்கூட்டியே கட்டிவிடுவது. மீதியை நாளுக்கு ஐயாயிரமாக நான்கு கவரில் பிரித்துக்கொள்வது. யாரும் தனியாகக் காசு கொண்டுவரக் கூடாது. கவரில் இருப்பதுதான் அன்றைக்கு. ஆனால் கடைசியாக ஒரு நிபந்தனை வைத்தாள் பாருங்கள், அங்கேதான் வினை.

“ஊர் சுத்துற வரைக்கும் யாரும் கணக்கு கேக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் கணக்குச் சீட்டப் படிச்சுக் காட்டிடறேன்.”

அன்றைக்கு நியாயமாகத் தெரிந்த பேச்சு, இன்றைக்கு அந்தக் கவரைப் பார்த்த பிறகு வேறு மாதிரி ஒலித்தது. கணக்கு கேட்கக் கூடாதாமே. ஏன் கேட்கக் கூடாது?

முதல் நாள் முழுக்க அவள் கண்கொத்திப் பாம்பாக இருந்தாள். நெடுஞ்சாலையில் விளக்குப் போட்ட பெரிய பெரிய ஓட்டல்களைத் தாண்டித் தாண்டி வேன் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பஸ் டெப்போவின் பின்னால், தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடை ஒன்றின் முன்னால் நின்றது.

“இதுக்கு வீட்லயே இருந்திருக்கலாம்” என்றான் பெயின்டர். சொல்லிவிட்டு இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

“சாப்பாடு எப்படி இருக்கு கொழுந்தனாரே?” என்றாள் ஓரகத்தி.

“நல்லாத்தான் இருக்கு அண்ணி. உக்கார்ற பெஞ்சுதான் என்னைத் தாங்குமான்னு தெரியல.”

எல்லோரும் சிரித்தார்கள், தையல்காரியைத் தவிர. அவள் பில்லை எட்டிப் பார்த்தாள். ஆயிரத்துக்கும் கீழே. ஏழு பேர் சாப்பாட்டுக்கு ஆயிரம் ஆகவில்லை என்றால் மிச்சம் எங்கே போகிறது? இவள் மலிவான கடையாகப் பார்த்து நிறுத்தச் சொல்கிறாள், மிச்சத்தை டிரைவரும் இவளும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். காலையில் கொடுத்தது முன்பணம். கணக்கு, அளவெடுத்து வெட்டிய துணி மாதிரி அவளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

இரண்டாம் நாள், படகுத் துறையில், ஓரகத்தி கைப்பையை அவள் மடியில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனாள். தையல்காரி சுற்றுமுற்றும் பார்த்தாள். அவள் கணவன் படகுக்காரனிடம் துடுப்புக்கு என்ன பெயின்ட் அடிப்பீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தான். கணவனின் அண்ணன் வழக்கம்போல உட்கார்ந்த இடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் பையைத் திறந்தாள். பென்சிலால் எழுதிய நீளச் சீட்டு ஒன்று. வேன், அறை, டீ, படகு. எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரி: டிரைவர் — மூவாயிரம்.

திருடுகிறவள் அதையும் எழுதி வைப்பாளா என்று உங்களுக்குத் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. ஆனால் சந்தேகம் வந்த மனசு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கும். வீட்டுக்குப் போய்ப் படிக்கப்போவது வேறு சீட்டு, இது இவளுடைய சொந்தச் சீட்டு என்று அது சொன்னது. அவள் பையை மூடினாள். கை தானாகக் கழுத்துச் சங்கிலிக்குப் போயிற்று. பர்ஸ் காலியானால் அடுத்தது இதுதானே?

மூன்றாம் நாள் மலைப்பாதை. முப்பது வளைவுக்குள் ஓரகத்திக்கு இரண்டு முறை வாந்தி வந்துவிட்டது. பின் சீட்டில் துவண்டு படுத்தவள் பச்சைப் பர்ஸைத் தையல்காரியிடம் நீட்டினாள்.

“மத்தியானம் நீ பாத்துக்கோம்மா. எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

தையல்காரிக்கு அதிலும் சந்தேகம். கையும் களவுமாக மாட்டிவிடப் பார்க்கிறாளோ? இருந்தாலும் பர்ஸ் கைக்கு வந்ததும் ஒரு தைரியம் வந்தது. நாணயமாகப் பர்ஸைப் பிடிக்கிறவள் எப்படிச் செலவு செய்வாள் என்று இன்றைக்குக் காட்டிவிடலாம். அவள் முன்னால் போய் டிரைவரின் பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

“இன்னைக்கு அதோ தெரியுதே, அந்தப் பெரிய ஓட்டல்ல நிறுத்துங்க.”

“அங்க வேண்டாம்மா. இன்னும் நாலு கிலோமீட்டர் போனா ஒரு எடம் இருக்கு.”

“ஏன், அங்க நிறுத்தினா உங்களுக்கு என்ன நஷ்டம்?”

அவன் கண்ணாடி வழியே அவளை ஒரு தினுசாகப் பார்த்தான். “எனக்கு நஷ்டம் இல்லம்மா. அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா?”

“பர்ஸ் என்கிட்ட இருக்கு. நான் சொல்றேன்.”

அவன் இண்டிகேட்டரைப் போட்டான்.

அந்த ஓட்டலில் கதவு திறந்துவிட ஒரு ஆள், தண்ணீர் ஊற்ற ஒரு ஆள். மெனு அட்டையே தையல் மெஷின் மேஜை அகலம். பெயின்டர் சுவரைத் தடவிப் பார்த்து, “இது நாலு கோட்டு” என்றான் மரியாதையாக. சாப்பாடு சுமார்தான், டெப்போக் கடைக்குப் பக்கத்தில் வராது. பில் வந்தது: மூவாயிரத்துத் தொள்ளாயிரம். காலைச் செலவு போகக் கவரில் இருந்ததே நாலாயிரத்து இருநூறு.

சரி, வெளியே போய்விடலாம் என்றால், வெளியே போகிற வழி ஒரு பொம்மைக் கடைக்குள்ளே போனது. வேறு வழியே கிடையாது. மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொரு விளக்கு எரிகிற விமானத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவள் மகள்தான் முதலில். மகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு ஓரகத்தியின் பிள்ளைகள் இரண்டுக்கும் இல்லை என்று எந்த வாயால் சொல்வாள்? இன்னொரு ஆயிரத்து ஐந்நூறு. முதல் இரண்டு கவரும் டிரைவருக்கும் படகுக்கும் சாப்பாட்டுக்கும் போய்க் காலியாகியிருந்தன; ஆயிரத்து இருநூறை நாலாம் நாள் கவரிலிருந்து உருவிக் கொடுத்தாள்.

மற்றவர்கள் கழிப்பறைப் பக்கம் போக, அவள் மட்டும் வேன் பக்கம் வந்தாள். ‘டிரைவர்கள் மட்டும்’ என்று எழுதிய கதவிலிருந்து டிரைவர் வெளியே வந்தான். அவன் கையில் மடித்த நோட்டுகள். நேராக அவளிடம் வந்து நீட்டினான்.

“அறுநூறு இருக்கு. புடிங்கம்மா.”

“எனக்கு எதுக்கு?”

“ஆள் கூட்டிட்டு வந்ததுக்கு ஓட்டல்காரன் குடுக்கற கமிஷன். எல்லா டிரைவருக்கும் உண்டு. சாப்பாடும் ஓசி. உங்க பில்லுல ஏத்தித்தான் அத எடுப்பான். அக்கா போன வருஷமே இதக் கவனிச்சிருக்காங்க. இந்தத் தடவ கெளம்பறப்பவே மூவாயிரம் என் கையில குடுத்து, ‘தம்பி, கமிஷன் எடத்துல நிறுத்தாதீங்க, உங்க வீட்டாளுங்களக் கூட்டிட்டு வந்தா எங்க சாப்பிடுவீங்களோ அங்க நிறுத்துங்க’ன்னாங்க. மத்த டிரைவருங்களுக்குத் தெரிஞ்சா எனக்கு வம்பு, அதான் வெளிய சொல்ல வேண்டாம்னேன். ரெண்டு பக்கமும் வாங்கினா எனக்குச் செரிக்காதும்மா.”

நோட்டுகளை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டு அவன் போய்விட்டான். அவள் நிமிர்ந்தாள். வேனின் பின் ஜன்னலில், சாப்பிட வராமல் படுத்திருந்த ஓரகத்தி வெளிறிய முகத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர் ரகசியமாகக் கொடுக்கிற பணத்தை ஒருத்தி வாங்குகிறாள். பார்க்கிறவள் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும் என்று தையல்காரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று நாளாக அதே கண்ணால்தானே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்!

பூட்டு வாய் திறக்கவில்லை. பர்ஸைத் திருப்பிக் கொடுத்தபோது கவரை விரலால் அளந்து பார்த்தாள், அவ்வளவுதான். சாயங்காலச் சாப்பாட்டுக்குத் தொள்ளாயிரம் நாலாம் கவரிலிருந்து போனது. அவள் ஒரு மூலையில் சீட்டை வைத்து என்னவோ எழுதினாள். என்ன எழுதினாளோ என்று தையல்காரிக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம்தான். சொன்னால், உங்களைத் திருடி என்று நினைத்தேன் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த அறுநூறு அவள் பையில் நெருப்பு மாதிரி கிடந்தது.

நாலாம் நாள் தொங்கு வண்டி. கம்பியில் தொங்கிக்கொண்டு ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகிற கண்ணாடிப் பெட்டி. பிள்ளைகள் வருஷம் முழுக்க இதைத்தான் பேசினார்கள். ஆளுக்கு முந்நூறு. ஏழு பேருக்கு இரண்டாயிரத்து நூறு. கவரில் இருந்ததோ இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம், அதில்தான் வீடு போய்ச் சேருகிறவரை சாப்பாடு.

“பசங்க மட்டும் போகட்டும். நாம கீழேர்ந்து கை காட்டலாம்” என்றாள் ஓரகத்தி.

“அம்மா, நீங்களும் வாங்க” என்று மகள் தையல்காரியின் சேலையை இழுத்தாள். “நீங்கதானே ஜன்னல்கிட்ட உக்காரலாம்னு சொன்னீங்க?”

டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் “மூணா, சீக்கிரம் சொல்லுங்க” என்றார். தையல்காரி பையைத் திறந்தாள். அறுநூறையும் ஜன்னலுக்குள் தள்ளினாள்.

“இன்னும் ரெண்டு. அக்காவுக்கும் எனக்கும்.”

ஓரகத்தியின் கண் நோட்டுகள்மேல் நின்றது. பிறகு தையல்காரியின் முகத்துக்கு வந்தது. பெயின்டர், “ஏது இது, என்கிட்ட மறைச்ச காசா?” என்று ஆரம்பித்தான். அண்ணன் அவன் முழங்கையைப் பிடித்து டீக்கடைப் பக்கம் இழுத்துப் போனார். மனிதர் தூங்கினாலும் விவரமானவர்தான்.

பிள்ளைகள் முன் பெட்டியில் போனார்கள். பின் பெட்டியில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கதவு சாத்திக்கொண்டது. பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி அந்தரத்தில் இறங்கியது. ஓரகத்தி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“அக்கா, உங்களுக்கு உயரம் பயமா?”

“பயமா? உசிரே போகுது. நீ என்னமோ சொல்லத்தானே ஏத்தின? சொல்லித் தொலை, சத்தமா சொல்லு, அதையாவது கேட்டுட்டு வரேன்.”

தையல்காரி சொன்னாள். கவரைப் பார்த்தது, பையைத் திறந்தது, பெரிய ஓட்டல், டிரைவர் கொடுத்த அறுநூறு, ஒன்று விடாமல். சொல்லி முடிக்கும்போது நடு வழிக்கு வந்திருந்தார்கள். கீழே மரங்கள் பாசி மாதிரி தெரிந்தன.

“நீங்க என்னைப் பாத்தீங்கல்ல, ஜன்னல்லேர்ந்து?”

“பாத்தேன்.”

“என்னன்னு நெனச்சீங்க?”

“நீ என்னைப் பத்தி என்ன நெனச்சியோ அதேதான்.” ஓரகத்தி கண்ணைத் திறக்காமலே சொன்னாள். “நேத்துலேர்ந்து வயித்தக் கலக்குதுடி. வாந்தின்னா எல்லாரும் நெனச்சாங்க? பாதிதான் அது, மீதி இந்தச் சந்தேகம். கணக்கு கேக்காதீங்கன்னு நாந்தானே சொன்னேன், இப்ப நானே எப்படிக் கேக்கறது?” பெட்டி ஆடியது. “ஐயோ! பையில சீட்டு இருக்கு. எடுத்துப் படி.”

“கீழ எறங்கினப்புறம் படிக்கலாம்க்கா.”

“இப்பவே படி. இல்லேன்னா நான் கண்ணத் தொறந்து கீழ பாத்துடுவேன்.”

அவள் படித்தாள். டிரைவர், வேன், அறை, டீ, படகு. ஒவ்வொரு வரிக்கும் ஓரகத்தி “ம்” கொட்டினாள். மூன்றாம் நாளுக்குக் கீழே பென்சிலை அழுத்தி எழுதிய ஒரு வரி இருந்தது. ‘தங்கச்சிக்கு டிரைவர் கொடுத்தது —’ என்று எழுதி, தொகை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி.

தையல்காரி சத்தமாகப் படிக்கவில்லை. பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். கேள்விக்குறியை அடித்து அறுநூறு என்று எழுதினாள். அதற்குக் கீழே, தொங்கு வண்டி, இரண்டு பேர், அறுநூறு.

“என்ன எழுதற?”

“தொங்கு வண்டி, ரெண்டு பேர்னு.”

“ஒரு பூட்டு, ஒரு தையல்காரின்னு எழுது.”

தையல்காரியின் கையில் பென்சில் நின்றது. “யாரு சொன்னா?”

“உன் புருஷன் அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிட்டான். எங்க வீட்டுச் சமையல்கட்டுக்கு வெள்ளையடிச்சப்போ.” ஒரு கண்ணை மட்டும் கொஞ்சமாகத் திறந்தாள். “அடுத்த வருஷம் அன்னன்னைக்கே சீட்டப் படிச்சுடுவோம், ரெண்டு பேருமா. பாக்கி எவ்வளவு?”

“ரெண்டாயிரம். வீடு போய்ச் சேர்ற வரைக்கும் சாப்பாட்டுக்கு.”

“டெப்போக் கடைன்னா தாராளம்.”

பெட்டி எதிர் மலையைத் தொடப்போனது. மேடையில் முன்பே இறங்கிவிட்ட பிள்ளைகள் குதித்துக் குதித்துக் கை காட்டினார்கள். ஓரகத்தி மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். தையல்காரி ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். மற்றொரு கையால் சங்கிலியைத் தடவிப் பார்த்தாள். அது கழுத்தில்தான் இருந்தது.