யானையின் வலது காது

பாதிக் காது பிரிந்துவிட்டது. மீதிப் பாதி வருவேனா என்று அடம்பிடித்தது.

வெண்பா யானை க்வில்ட் போர்வையை மடியில் அமுக்கிக்கொண்டு, தையல் பிரிக்கும் முள்ளை நூலுக்கு அடியில் விட்டு நெம்பினாள். நூல் அறுவதற்குப் பதில் துணி கிழிந்தது. ‘டிஸ்சார்ஜ் ஆச்சு, கிளம்பிட்டோம்’ என்று அப்பாவின் மெசேஜ் வந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ரவுண்ட் ராக் வீட்டுக்கு, ஃப்ரீவேயில் கூட்டம் இல்லாவிட்டால், அரை மணிதான். அம்மா புதிதாகப் பிறந்த தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரும்போது இந்த யானைக்கு இந்த மஞ்சள் காது இருக்கக் கூடாது. வேறு காதுக்குச் சாம்பல் நிறத் துண்டு ஒன்று வெட்டித் தயாராக வைத்திருந்தாள்.

வலது காதுதானா என்று மூன்று தடவை பார்த்துவிட்டாள். யானை முகத்தை நம் பக்கம் திருப்பி நிற்கிறது; நமக்கு இடப்பக்கம் தெரிவது அதற்கு வலது. தம்பிக்கும் வலதுதான். சளி பிடித்திருந்ததால் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. அப்பா அனுப்பிய போட்டோவில்தான் பார்த்தாள். குல்லாய் விலகியிருந்த பக்கத்தில், காது இருக்கவேண்டிய இடத்தில் வேர்க்கடலை அளவுக்குச் சதை மடிந்து கிடந்தது.

நேற்று சாயங்காலம் கோபியிலிருந்து அத்தை கூப்பிட்டாள், அப்பாவின் அக்கா.

“ஏங்கண்ணு, மறைக்காமச் சொல்லோணும். அந்தக் கெரகணத்தன்னிக்கு உங்கம்மா கத்தி கித்தி தொட்டாளா?”

“இல்லீங்க அத்தை.”

“கத்திரி?”

“இல்லீங்க.”

“நீ பக்கத்துலயே இருந்தியா?”

“இருந்தேனுங்க அத்தை.”

“அப்புறம் எப்படிச் சாமி இப்படி ஆச்சு? நம்மூருல தெரியாத கெரகணத்துக்கு அமெரிக்கா டைம் பாத்துச் சொன்னவ நானு. எங்க பக்கத்து ஊட்டு மருமவ அன்னிக்கின்னு பாத்துப் பூசணிக்கா அரிஞ்சா, புள்ளைக்கு ஒதடு பொளந்துருச்சு. உங்கம்மா படிச்சவ. படிச்சவிய எங்க பேச்சைக் கேப்பாங்களா?”

கேட்டாள். அம்மா அன்று அத்தை சொன்னதையெல்லாம் கேட்டாள். வெண்பா வாய் திறக்கும் வரைக்கும்.

ஏப்ரல் மாதச் சூரிய கிரகணம் அது. அபார்ட்மெண்ட்டே பார்க்கிங்கில் திரண்டு, அட்டைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மேகத்தைத் திட்டிக்கொண்டிருந்தது. அம்மா சண்முகப்ரியா ஏழு மாத வயிற்றோடு, திரைச்சீலை போட்ட அறையில், பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமல் படுத்திருந்தாள். துணைக்கு இருக்கிறேன் என்று ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டு, வெண்பா தரையில் துணித் துண்டுகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். தம்பிக்கான க்வில்ட். லைப்ரரியில் நடந்த வகுப்பில் கற்றுக்கொண்டது. அளவுகோல் கிடையாது, வரைந்து வைத்த மாதிரி கிடையாது; கண் சொல்கிற இடத்தில் கத்திரி போகும், கோணலாக வந்தால் கோணலே அழகு. அப்பாவின் கட்டம் போட்ட ஆபீஸ் சட்டை யானைக்கு உடம்பாயிற்று. அவளுடைய பழைய ஜீன்ஸ் தும்பிக்கையாயிற்று. இடது காதை எப்படியோ ஒப்பேற்றினாள்; வால் இன்னும் பாக்கி. வலது காது மட்டும் வரவே இல்லை. எப்படி வெட்டினாலும் நோட்டுப் புத்தக அட்டை மாதிரி விறைத்து நின்றது.

“அம்மா, எனக்குக் காது வரவே மாட்டேங்குது. நீ ஒண்ணு கட் பண்ணிக் குடேன். யோசிக்காம, சும்மா ஒரே இழுப்பு.”

“இப்பவா? கெரகணம் முடியட்டும் கண்ணு.”

“இன்னும் எவ்ளோ நேரம்மா? ஜஸ்ட் ஒன் காது. ப்ளீஸ்.”

அம்மா சிரித்துவிட்டாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. “உங்க அத்தைக்குத் தெரிஞ்சா என்னை ரோட்டுல நிறுத்திருவாங்க” என்றபடி எழுந்து, தன்னுடைய கிழிந்த மஞ்சள் நைட்டியை எடுத்து, வயிற்றின் மேலேயே விரித்து, சர்ரென்று ஒரே இழுப்பில் வெட்டினாள். மடங்கி, விரிந்து, காற்றில் ஆடுகிற மாதிரி நிஜக் காது. அந்த நேரம் பார்த்து வெளியே மொத்தமாக இருட்டியது. பார்க்கிங்கில் எல்லாரும் கைதட்டினார்கள்.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு, போர்வைக்குள் இருந்துகொண்டு, மானஸாவுக்கு இதையெல்லாம் மெசேஜில் கொட்டினாள். கூடப் படிக்கிறவள், தூங்காமல் இருந்தாள். ‘காது ஃபார்ம் ஆகறது செகண்ட், தேர்ட் மந்த்ல. ஏப்ரல்ல உங்கம்மாவுக்கு செவன் மந்த்ஸ். டைம்லைனே மேட்ச் ஆகல, லூசு. தூங்கு’ என்று பதில் வந்தது. சரிதான். நூற்றுக்கு நூறு சரி. ஆனால் விளக்கை அணைத்தால், பயாலஜி புத்தகமும் அணைந்துவிடுகிறது.

இப்போது மிச்சத் தையலையும் இழுத்தாள். காது கையோடு வந்தது. வந்த பிறகுதான் உறைத்தது: மேலே வைத்துத் தைத்த காது இல்லை அது. சுற்றியிருந்த துண்டுகளோடு பிணைத்துத் தைத்தது. இருந்த இடத்தில் ஓட்டை விழுந்து, உள்ளே இருந்த வெள்ளைப் பஞ்சு பிதுங்கியது. விளிம்பில் மஞ்சள் துணி ஒரு சிறு முடிச்சாகச் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது, வேர்க்கடலை அளவுக்கு.

கீழே கராஜ் கதவு உறுமியது.

மஞ்சள் காதை ஜீன்ஸ் பாக்கெட்டில் திணித்தாள். க்வில்ட்டை எங்கே ஒளிப்பது என்று திரும்புவதற்குள் அப்பா நஞ்சப்பன் கார் சீட்டோடு தம்பியைத் தூக்கிக்கொண்டு நடு ஹாலுக்கு வந்துவிட்டார்.

“அட, முடிச்சிட்டியா சாமி? சூப்பரு! ஆனா ஒரு காதை உட்டுட்ட பா…”

சொல் பாதியில் நின்றது. அவர் குனிந்து கார் சீட்டின் பெல்ட்டை அவிழ்க்கத் தொடங்கினார். அவிழ்ந்த பெல்ட்டையே மறுபடி அவிழ்த்தார். பின்னால் வந்த அம்மா யானையைப் பார்த்தாள். வெண்பாவைப் பார்த்தாள்.

“எனக்குக் கால் கடுக்குது” என்று அறைக்குள் போய்விட்டாள்.

அன்று இரவு தம்பி இரண்டாம் முறை பாலுக்கு அழுது ஓய்ந்தபின், அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வெண்பாவின் அறைக்கு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“அத்தை உனக்கும் போன் பண்ணாங்களா?”

“ம்.”

“என்ன சொன்ன?”

“நீ எதையும் தொடலன்னு.”

“நானும் அதேதான் சொன்னேன்.”

வெண்பா தலையணைக்கு அடியிலிருந்து காதை எடுத்து நீட்டினாள். “சாரிம்மா. நீ பாக்கக் கூடாதுன்னுதான். வேற காது வைக்க டைம் இல்ல. அம்மா, இது அதால இல்ல. செகண்ட் மந்த்லயே…”

“தெரியும். டாக்டர் ரெண்டு தடவை சொல்லிட்டாரு. இன்னொரு காது நல்லாக் கேக்குதாம், பெருசானா ஆபரேஷன் பண்ணிக்கலாமாம். நானும் படிச்சவதான கண்ணு.”

அம்மா காதை வாங்கித் தன் தொடை மேல் வைத்து, சுருக்கத்தை விரலால் நீவினாள். நீவி நீவித் தட்டையாக்கினாள். பிறகு அதைத் தூக்கி, தூங்குகிற தம்பியின் தலையோரம், அந்தப் பக்கமாக, ஒரு நொடி வைத்துப் பார்த்தாள். எடுத்துவிட்டாள்.

“எல்லாந் தெரியுது. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு வெண்பா.” குரல் கோபமாக இல்லை, அதுதான் பயமாக இருந்தது. “அந்த யானைக்கு அன்னிக்கு வாலும்தான பாக்கி இருந்துது? நீ ஏன் என்கிட்ட காதைக் கேட்ட?”