ஒட்டி மூடிய விண்கப்பல்

சுவிட்சைத் தட்டினேன். எரியவில்லை. மறுபடி தட்டினேன். எஞ்சினில் வெளிச்சம் இல்லை, ஜன்னலில் இல்லை, மூக்கில் இல்லை. முழ நீள வெள்ளை விண்கப்பல் சாப்பாட்டு மேசைமேல் செத்த மீன் மாதிரிக் கிடந்தது.

"ஏன் பாத்திமா எரியல?" என்றான் மரியராஜ் அண்ணன்.

அவன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறவன். அந்த பிளாஸ்டிக் பொம்மைக் கிட்டை அங்கே வாங்கி, துண்டு துண்டாக ஒட்டி, பெயின்ட் அடித்து, மேல்மூடியை மட்டும் ஒட்டாமல் லீவுக்குக் கொண்டுவந்திருந்தான். உள்ளே விளக்கு என் தங்கச்சி போடுவாள், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள் என்று கூட்டாளிகளிடம் பெருமை பேசியிருக்கிறான். பொம்பளைப் பிள்ளையா என்று சிரித்தார்களாம். எரியாத கப்பலோடு அவன் திரும்பினால் அந்தச் சிரிப்பு நிஜமாகிவிடும். சாயங்கால ரயிலுக்குப் பெட்டி கட்டியாகிவிட்டது.

காலையில் எனக்கு பிராக்டிகல் பரீட்சை. வந்து செய்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. மாமா மகன் அருளப்பனைக் கூப்பிட்டுவிட்டான். மாதா கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட் கட்டுகிறவர் அவர். நான் வருவதற்குள் ஆறு எல்.இ.டி. விளக்கையும் ஈயத்தால் பற்றவைத்து, மேல்மூடியையும் ஒட்டி முடித்திருந்தார்கள். சுவிட்சும் பேட்டரி வயரும்தான் வெளியே தொங்கின.

"எப்பிடி மாட்டுனீங்க அத்தான்?"

"எப்பவும் போலத்தான் புள்ள. ஒண்ணு வாலுல இன்னொண்ணு. கோபுரத்துல அம்புட்டு பல்பும் அப்பிடித்தான் எரியுது. இந்த இத்துனூண்டுக்கு என்ன?"

"அது வீட்டுக் கரண்டு. இது ஒன்பது வோல்ட் பேட்டரி. ஒண்ணொண்ணும் ரெண்டு வோல்ட் கிட்ட திங்கும். வரிசையா ஆறு மாட்டுனா எப்பிடிப் பத்தும்?"

அண்ணன் முகம் வெளுத்தது. "இன்னொரு பேட்டரி சேத்தா?"

அது நல்ல யோசனைதான். மூடியைத் தொட வேண்டாம். இன்னொரு பேட்டரியைச் சேர்த்து, கரண்ட் மிஞ்சாமல் நடுவில் ஒரு ரெசிஸ்டர் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.

இருட்டு.

"அத்தான், நீளக் கால், குட்டைக் கால் பாத்துத்தான மாட்டுனீங்க?"

"எங்க பாக்க? ஒண்ணு நீளமா ஒண்ணு குட்டையா அசிங்கமா இருந்துச்சு. சமமா வெட்டி விட்டேன். பல்புக்கு ஏது முன்னு பின்னு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இதுக்கு உண்டு. நீளக் கால் பிளஸ், குட்டை மைனஸ். ஒண்ணு திரும்பிக் கெடந்தாலும் எல்லாம் அவுட்டு. தொறக்கணும்."

அண்ணன் இரண்டு கையையும் மூடிமேல் வைத்தான். "தொறக்கக் கூடாது. அந்தப் பசை பிளாஸ்டிக்க உருக்கி ஒட்டுறது. உடைஞ்சுரும்."

"அப்ப இருட்டாவே கொண்டு போ."

"ஒனக்கென்ன, சொல்லிட்ட! ராத்திரியெல்லாம் முழிச்சு ஒட்டுனது நானு."

"எரியலைன்னா அவுங்க ஒன்னையா சிரிப்பாங்க? என்னையத்தான."

அடுக்களையிலிருந்து அம்மா, "ஏலே, ஆட்டோவுக்குச் சொல்லியாச்சு. இன்னும் குளிக்காம அந்த டப்பாவையே கட்டிட்டு அழு!" என்று கத்தினார்.

அண்ணன் கையை எடுத்தான். எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

பசை முழுசாக இறுகவில்லை. பிளேடு நுனியை வால் பக்கம் நுழைத்து மெல்ல மெல்ல நகர்த்தினேன். இறக்கை வரைக்கும் வந்துவிட்டது. அங்கே பிடித்துக்கொண்டது. லேசாகத்தான் நெம்பினேன். டக்.

அண்ணன் தோள் குலுங்கியது. திரும்பவில்லை.

இறக்கை ஓரத்தில் நகக்கண் அளவு பெயர்ந்துபோயிருந்தது. மூடி கையோடு வந்துவிட்டது. எல்.இ.டி.யின் விளிம்பில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அதுதான் மைனஸ். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். இரண்டு திரும்பிக் கிடந்தன. எல்லாவற்றையும் கழற்றி மூன்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ரெசிஸ்டர் வைக்க வேண்டும். கரண்ட் டல்லடித்தது. ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் சூடேறுவேனா என்றது. ஈயம் உருகாமல் உருண்டு உருண்டு விழுந்தது.

வாசலில் ஆட்டோ ஹாரன்.

"செத்த நேரம் இருய்யா!" என்று அருளப்பன் அத்தான் வெளியே ஓடினார். கடைசி முனையை ஊதி ஆறவைத்தேன். ஒரே பேட்டரி. சுவிட்ச்.

ஆறும் எரிந்தன. எஞ்சினில் மூன்று சிவப்பு, ஜன்னல்களில் இரண்டு பச்சை, மூக்கில் ஒரு மஞ்சள்.

அண்ணன் ஜன்னலைவிட்டுத் திரும்பி வந்து குனிந்து பார்த்தான். நான் பசையை எடுத்தேன்.

"ஒட்டாத. தொறந்தே இருக்கட்டும்," என்றான். "உள்ள வயரிங்கப் பாத்துட்டு எவனாச்சும் சிரிக்கட்டும், பாப்போம்."

"இறக்கை பேந்து போச்சுண்ணே."

"போகுது."

மூடியை ரப்பர் பேண்டால் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினான். தெருமுனை திரும்பும்போதும் உள்ளே சிவப்பு தெரிந்தது.

"சுவிட்ச அமத்துண்ணே, பேட்டரி தீந்துரும்!" என்று கத்தினேன்.

அவன் அமர்த்தவில்லை.